வேலியில் ஒரு பொட்டு: வன்னியில் நல்ல அயலைச் சம்பாதிக்க ஒரு முழு வழிகாட்டி

போர் முடிந்து 2010 இல் கிளிநொச்சித் தருமபுரம் பக்கம் மீளக்குடியேறப் போனபோது எங்கள் வளவை எங்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. வேலி இல்லை, வீடு இல்லை. ஒழுங்கை இருந்த இடத்தில் ஆளுயரப் பற்றை. கண்ணிவெடி எடுத்து முடித்த இடம்தான், என்றாலும் கால் வைக்கப் பயம். கையில் இருந்த பெமிற் (அரச காணி அனுமதிப்பத்திரம்) போட்டோக்கொப்பியில் காணி எத்தனை ஏக்கர் என்று இருந்தது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கடதாசியைக் கேட்டால் என்ன சொல்லும்?

நாங்கள் வெயிலில் நிற்பதைக் கண்டு பின்வளவு அண்ணை கத்தியோடு வந்தார். எங்களுக்கு இரண்டு கிழமை முந்தி வந்தவர். பற்றையை வெட்டிக்கொண்டே போய் ஒரு கிணற்றுக் கட்டில் காலை வைத்தார். "இது உங்கட கிணறு. இதிலயிருந்து கிழக்கால பன்னிரண்டு பாகம் நடந்தா உங்கட மூலைப் பூவரசு. மரம் இல்லாட்டியும் அடிக்கட்டை கிடக்கும், பாருங்கோ." கிடந்தது.

அயல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த அடிக்கட்டைதான் ஞாபகம் வரும். போரில் காணி உறுதி, பெமிற், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் தொலைத்தவர்களுக்கு இன்னார் இன்ன இடத்தில் இருந்தார் என்று சாட்சி சொல்ல மிஞ்சியது பக்கத்து வளவுக்காரர் மட்டுமே.

வன்னியின் அயலுக்கு இன்னொரு தன்மையும் உண்டு. யாழ்ப்பாணத்து ஊர்களில் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். இங்கே அப்படி இல்லை. ஒரு ஒழுங்கையில் ஆறு வீடு என்றால், ஒன்று பரம்பரை வன்னிச் சனம், ஒன்று குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தது, இரண்டு 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டில் இருந்து வந்த குடும்பம், ஒன்று 1995 இடப்பெயர்வில் வலிகாமத்தில் இருந்து வந்து அப்படியே தங்கியது, ஒன்று நேற்று இந்திய அகதி முகாமில் இருந்து திரும்பியது. இரத்த உறவு இல்லாத இடத்தில் அயல் தானாக வராது, சம்பாதிக்கத்தான் வேண்டும். காணி வாங்கி வருபவர், வெளிநாட்டில் இருந்து திரும்புபவர், மாற்றலாகி வந்து கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ வாடகைக்கு இருக்கும் உத்தியோகத்தர், எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

முதலாவது: காணி பார்க்கும்போதே அயலையும் பாருங்கள்

மண் என்ன மண், கிணற்றில் தண்ணி எத்தனை முழத்தில், மாரியில் வெள்ளம் நிற்குமா என்று எல்லாம் விசாரிப்போம். பக்கத்து வீட்டில் யார் என்று விசாரிக்க மறந்துவிடுவோம். காணியைப் பகலில் ஒருமுறை, பின்னேரம் ஆறு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பகலில் எல்லா ஒழுங்கையும் அமைதிதான். பின்னேரத்தில்தான் எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் ஸ்பீக்கர், எந்த வீட்டு நாய் கட்டாமல் திரிகிறது என்பது தெரியும்.

பிறகு மூலைக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தபடி பேச்சுக் கொடுங்கள். "இந்தக் காணியில பிரச்சினை ஏதும் இருக்கோ?" என்று நேராகக் கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "முந்தி இதில ஆர் இருந்தவை?" என்று கேளுங்கள். கதை தானாக வரும்.

வன்னியில் நிறையக் காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெமிற் காணி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. ஆகவே பத்திரம் சரியா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். எல்லை சரியா என்று நாலு பக்கத்து அயலையும் கேளுங்கள். இரண்டில் ஒன்றை விட்டாலும் பிறகு அலைச்சல்.

இரண்டாவது: வேலியைத் தனியாகப் போடாதீர்கள்

வந்தவுடன் செய்கிற முதல் வேலை வேலி. அயலோடு வாற முதல் மனவருத்தமும் அதனால்தான். கூலிக்கு ஆள் பிடித்து, அயல் தோட்டத்துக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துக் கதியால் (வேலிக்கு நடுகிற தடி) நட்டுவிட்டால், நீங்கள் ஒரு அங்குலம்கூட எடுக்காவிட்டாலும் எடுத்தவர்தான். "அரக்கிப்போட்டான்" என்ற சொல் ஒரு தரம் ஒழுங்கையில் விழுந்தால் பத்து வருசத்துக்கு அழியாது.

சரியான முறை இதுதான். மாரி தொடங்க முதல், புரட்டாதிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வளவுக்காரரைக் கூப்பிடுங்கள். கயிற்றின் ஒரு நுனியை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் இழுத்துக் கட்டுவதைவிட அவர் பிடித்திருப்பதுதான் முக்கியம். கிளுவையோ பூவரசோ கிளிசரியாவோ, இருவருக்கும் பிடித்ததை நடுங்கள். ஐப்பசி மழைக்கு வேர் பிடித்துவிடும். கிளிசரியாக் குழை ஆட்டுக்கும் ஆகும், வயலுக்குப் பசளையாகவும் ஆகும். யார் பக்கம் வெட்டுகிற குழை யாருக்கு என்று அன்றைக்கே கதைத்துவிடுங்கள். சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள். 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் வந்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையே வேலி தாண்டிச் சாயும் மரத்தின் காய் யாருக்கு என்று பேசுகிறது. அவ்வளவு பழைய சண்டை அது.

இனிப் பொட்டு. பொட்டு என்றால் வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு விடுகிற இடைவெளி. நாயும் கோழியும் தாங்களாகப் போடும் பொட்டு வேறு. நான் சொல்வது வேண்டுமென்றே விடுகிற பொட்டு. எங்கள் பின்வேலியில், குசினிக்கு நேரே, இரண்டு கதியாலுக்கு நடுவில் வெறும் காவோலை ஒன்று சாத்தியிருக்கும். அதைத் தள்ளினால் அவர்களுடைய முற்றம். றோட்டால் சுற்றிப் போனால் ஐந்து நிமிசம், பொட்டால் போனால் பத்துக் காலடி. அந்தப் பத்துக் காலடி இல்லாவிட்டால் அரைச் சிரங்கை உப்புக்காக யாரும் யாரிடமும் போகமாட்டார்கள். உப்புக்குப் போகாத வீட்டுக்கு ஆபத்திலும் போகக் கூச்சமாக இருக்கும்.

மூன்றாவது: கொடுக்கல் வாங்கல்

சாப்பாட்டில் தொடங்குங்கள். முதல் கிழமை ஏதாவது செய்து கொடுங்கள், ஒடியல் கூழோ புட்டோ எதுவானாலும் சரி. அவர்கள் சட்டியைத் திருப்பித் தரும்போது அதில் ஏதாவது இருக்கும். நாலு முருங்கைக்காய், ஒரு பிடி கச்சான். வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று என் அம்மா சொல்வார். ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு கறிவேப்பிலைக் கொத்தாவது வைத்து அனுப்புவார்.

பிறகு கருவிகள். அலவாங்கு, ஏணி, மருந்தடிக்கிற மெசின், தண்ணி இறைக்கிற பம், இவற்றை எல்லா வீடும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் இரவல் வாங்குபவருக்குச் சில ஒழுங்கு உண்டு. பம்மை வாங்கினால் பெற்றோல் வாங்கியதற்குக் குறையாமல் நிரப்பிக் கொடுங்கள். மருந்து மெசினை மூன்று தரம் கழுவுங்கள். களைநாசினி அடித்த மெசினைக் கழுவாமல் கொடுத்து, அடுத்த நாள் அவர் தன் மிளகாய்க்கு அதே மெசினில் பூச்சி மருந்து அடித்தால் தோட்டம் கருகிவிடும். இது நடந்த கதை. யார் வீட்டில் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் மெசினை இரவல் வாங்கியது நான்தான்.

கேட்காமல் எடுப்பது, கேட்டுவிட்டு ஒரு மாதம் வைத்திருப்பது, பிள்ளையைக் கேட்க அனுப்புவது, மூன்றும் வேண்டாம்.

நான்காவது: கிணறும் மலசலகூடமும்

ஆடி, ஆவணியில் எல்லாக் கிணற்றிலும் தண்ணி ஒரேமாதிரி நிற்காது. உங்கள் கிணறு வற்றாதது என்றால் அது உங்கள் அதிர்ஷ்டம், அயலையும் அள்ள விடுங்கள். குடிக்க, சமைக்க அள்ளுவது வேறு, பம் வைத்துத் தோட்டத்துக்கு இறைப்பது வேறு. இந்த வித்தியாசத்தை முதல் நாளே சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் வற்றும் காலத்தில் முகத்தைச் சுளித்துச் சொல்ல வேண்டி வராது.

மலசலகூடக் குழியைக் கிணற்றில் இருந்து குறைந்தது 50 அடி தள்ளி வைக்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எல்லோரும் தங்கள் கிணற்றில் இருந்துதான் அளப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அயலின் கிணறு குழியில் இருந்து இருபது அடியில் இருக்கும்! மண்ணுக்குக் கீழே வேலி இல்லை. குழி வெட்டும் முன் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். சந்தேகம் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஐந்தாவது: இரவு பதினொரு மணி

'தூரத்துத் தண்ணீர் ஆபத்துக்கு உதவாது' என்பார்கள். கனடாவில் இருக்கும் தம்பி வட்ஸ்அப்பில் அழலாம், ரோச் லைற் பிடிக்க முடியாது.

1990 என்ற நம்பருக்கு அடித்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், வன்னிக்கும் வரும். ஆனால் எங்கள் ஒழுங்கைகளுக்குப் பெயர் இல்லை, வீடுகளுக்கு நம்பர் இருந்தாலும் வெளியே தெரியாது. ஆகவே அயலோடு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியது இது: ஒருவர் நோயாளியோடு இருப்பார், ஒருவர் போனில் பேசுவார், ஒருவர் சந்திக்குப் போய் லைற்றோடு நிற்பார். மூன்றாவது ஆள்தான் நேரத்தை மிச்சப்படுத்துபவர். அந்த வேலையைச் சைக்கிள் ஓடத் தெரிந்த பதினான்கு வயதுப் பொடியனிடம் கொடுங்கள், பொறுப்பாகச் செய்வான்.

பாம்பு கடித்தால் கடித்த இடத்தை வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றுங்கள். கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கி ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். புடையனா நாகமா என்று தேடிப் பிடித்து அடிப்பதில் நேரத்தை விடவேண்டாம். ஓட்டோ வைத்திருக்கும் அயல் யார், அவர் இரவில் போனை எடுப்பாரா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் குசினிச் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் கரிக்கட்டியால் எழுதிய ஆறு நம்பர் இருக்கிறது. நாலு அயலுடையது. மற்ற இரண்டு, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. போன் சார்ஜ் இல்லாவிட்டாலும் சுவருக்குச் சார்ஜ் வேண்டாம்.

2018 டிசெம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடுகளுக்குள் வந்தது. அப்போது ஒன்று படித்தோம். எச்சரிக்கை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. போன் இல்லாத கிழவி, காது கேளாத ஐயா, காவல் கொட்டிலில் படுத்திருப்பவர், இவர்களுக்குச் செய்தி கொண்டு போவது அயலின் கால்தான். ஒவ்வொரு ஐப்பசியிலும், எந்த வீட்டை யார் தட்டுவது என்று ஒழுங்கையில் ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள். யானை வரும் கரைக் கிராமங்களில் இது இன்னும் அவசியம். யானை உங்கள் தென்னையில் தொடங்கினால் அடுத்தது அவருடைய வாழை. முதலில் கண்டவர் சத்தம் போடவேண்டும். தனியே விரட்டப் போகக்கூடாது.

ஆறாவது: செத்த வீடு

கலியாண வீட்டுக்கு அழைப்பு வேண்டும், செத்த வீட்டுக்கு வேண்டாம். புதிதாக வந்தவர்கள் தயங்குவது இங்கேதான். "எங்களுக்குப் பழக்கம் இல்லையே, போறதோ?" போங்கள். உள்ளே போய் என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் வெளியே நின்று கதிரை இறக்குங்கள்.

செத்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அயல்தான் தேத்தண்ணியும் சோறும் கொண்டுவரும். எங்கள் அப்பா இறந்த அன்று காலை பொட்டின் காவோலையை யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். பிறகுதான் விளங்கியது, பின்வளவில் மூன்று கல் வைத்துப் பெரிய கிடாரத்தில் தேத்தண்ணி கொதிக்கிறது, வாளி வாளியாக அந்தப் பொட்டால் வருகிறது. சீனி எங்கே இருந்து வந்தது, கப் யாருடையது, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்து கணக்குக் கேட்டபோது பின்வளவு அக்கா ஒரு கொப்பித் தாளை நீட்டினார். அதில் சீனி, தேயிலை, விறகு என்று எழுதி, விறகுக்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். "விறகு எங்கட வேலியில வெட்டினது, அதுக்கென்ன காசு" என்றார்.

பந்தல், கதிரை, பாத்திரம் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமோ மாதர் சங்கத்திடமோ இருக்கும். சந்தாவை ஒழுங்காகக் கட்டி அங்கத்தவராக இருங்கள். கோயிலில் ஒரு உபயம் எடுங்கள், முடியாவிட்டால் திருவிழாவுக்கு முற்றம் கூட்டப் போங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒழுங்கைச் சனமாகச் சேர்ந்து வாகனம் பிடித்துப் போய் வந்தால் ஒரு வருசப் பழக்கம் ஒரு இரவில் வரும்.

ஏழாவது: காசு

சுருக்கமாகச் சொல்கிறேன். திரும்பி வராவிட்டாலும் முகம் கோணாத அளவுக்குக் கைமாற்றுக் கொடுங்கள். அதற்கு மேல் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். போருக்குப் பிறகு வன்னிக்கு வந்த நுண்கடன்காரர் ஐந்தாறு பெண்களைக் குழுவாக்கி, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்று வைத்தார்கள். கிழமைக் கட்டுக்காசு நாளில் ஒருவர் வீட்டு வாசலில் மற்ற எல்லோரும் வந்து நிற்க வேண்டி வந்தது. பல அயல் உடைந்தது அதனால்தான். முகத்துக்காகக் குழுவில் கையெழுத்து வைக்காதீர்கள்.

எட்டாவது: சண்டை வரும்போது

வரும். கட்டாக்காலி மாடு, கோழி, குப்பை எரிக்கும் புகை, வாய்க்காலில் தண்ணி மறிப்பது, பாதையில் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினை நிறுத்துவது. எனக்கு வந்தது ஆட்டால். எங்கள் இரண்டு ஆடும் அந்தப் பொட்டால்தான் நுழைந்து அண்ணையின் கத்தரி நாற்றை மேய்ந்துவிட்டன. "பொட்டைச் சாத்தாதது நீங்கள்" என்று நான் சொன்னேன். நாக்கில் சனி. அன்று பின்னேரமே பொட்டில் முள்ளு அடைத்துவிட்டார். மூன்று மாதம் பேச்சில்லை. அம்மா மட்டும் விடவில்லை. கறியோடு றோட்டால் சுற்றிப் போய் வந்தார். அவருடைய முழங்காலைப் பார்க்க முடியாமல்தான் நான் இறங்கிப் போனேன். பரந்தனில் இரண்டு தட்டு நாற்று வாங்கிப் போய்ப் படலையில் நின்று கூப்பிட்டேன். அண்ணை வந்து நாற்றை நுள்ளிப் பார்த்துவிட்டு, "இது வேற இனம்" என்றார். ஆனால் வாங்கி வைத்தார். முள்ளு அடுத்த கிழமைதான் போனது.

அதில் நான் படித்த வரிசை இது. முதல் நாள் பேசவேண்டாம், சூடாக இருக்கும். மூன்றாம் நாளைத் தாண்ட விடவும் வேண்டாம், பிறகு ஊர் பேசத் தொடங்கிவிடும். வேலிக்கு மேலால் கத்தாமல் படலையால் போய் இருந்து பேசுங்கள். பழைய கதையை இழுக்காமல் இன்றைய ஆட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள். முடியாவிட்டால் இருவரும் மதிக்கும் ஒரு பெரியவர், பிறகு சங்கத் தலைவர், பிறகு கிராம அலுவலர்.

அதற்கும் மேலே மத்தியஸ்த சபை இருக்கிறது. இணக்கசபை என்றும் சொல்வார்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அங்கே சட்டத்தரணி உங்களுக்காக வாதாட முடியாது, இரண்டு பகுதியும் நேரே பேசவேண்டும். மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, இணங்க வைக்கத்தான் பார்ப்பார்கள். சரிவராவிட்டால் இணங்கவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். எல்லைப் பிரச்சினைக்கு எடுத்தவுடன் பொலிசுக்குப் போனால் வழக்கில் வென்றாலும் பொட்டு திறக்காது. அடி, மிரட்டல், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தொல்லை என்றால் கதை வேறு. அதற்கு இந்த வரிசை ஒன்றும் வேண்டாம், நேரே 119.

ஒன்பதாவது: எட்ட நிற்கவும் தெரியவேண்டும்

வன்னியில் பெண் தனியாகக் குடும்பம் நடத்தும் வீடுகள் அதிகம். அங்கே உதவி என்று நேரகாலம் இல்லாமல் ஆண்கள் போய் நிற்பதால் அவருக்குத்தான் பேச்சு வரும். படலையில் நின்று "பிள்ளை" என்று கூப்பிடுங்கள், முடிந்தால் வீட்டுப் பெண்ணோடு போங்கள். காணாமல் போனவர் இருக்கும் வீட்டில் என்ன நடந்தது, எங்கே கடைசியாகக் கண்டது என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டிருங்கள். வந்து போகிறவர்களைக் கணக்கெடுப்பது அயலின் வேலை இல்லை.

பக்கத்தில் ஆளில்லாத வளவு என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. உரிமையாளர் லண்டனிலோ பாரிசிலோ இருப்பார். நம்பரைத் தேடி எடுத்து, பற்றையையும் தண்ணி தேங்கிய சிரட்டை, ரின்களையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பாம்பும் டெங்கு நுளம்பும் எல்லை பார்ப்பதில்லை. துப்பரவாக்கும் கூலியை அவர் அனுப்புவார், ஆள் பிடிப்பது உங்கள் வேலை. வளவுத் தேங்காயைப் பறிக்கும் உரிமையும் சிலவேளை அதோடு வரும்.

கடைசியாக மதில். இப்போது எல்லோரும் மதில் கட்டுகிறார்கள். வருசா வருசம் வேலி அடைக்கும் செலவைப் பார்த்தால் குறை சொல்லவும் முடியாது. நாங்களும் 2021 இல் கட்டினோம். பின்பக்கம் வந்ததும் மேசன் தம்பி கேட்டார், "அண்ணை, முன்னுக்குக் கேற் இருக்கு, இதில என்னத்துக்கு இடம் விடச் சொல்லுறியள்?" பழைய பொட்டு இருந்த இடத்தைக் காட்டி, கதவு போடச் சொன்னேன். கொண்டி இரண்டு பக்கத்தாலும் திறக்கும், பூட்டு இல்லை. அகலம் இரண்டேகால் அடி. நீங்கள் கட்டினால் மூன்று அடி விடுங்கள். உரமூட்டையோடு சைக்கிள் அதற்குள்ளால் வராது. அண்ணை இப்போதும் மூட்டையை அந்தப் பக்கம் இறக்கி வைத்துவிட்டு என்னைத்தான் கூப்பிடுகிறார்.